ஒன்பது அங்குலம்

கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே
பெயர்ப்பலகை இல்லாத ஓர் ஆறு.
பலகை நட்டது நாங்கள்தான்:
தாம்போதி, இலக்கம் 7.

திறப்பு விழாவுக்கு நாடா கட்ட
இரண்டு மருதமரம் போதுமாயிருந்தது.
மூன்றாவதைத் தறித்தோம்
டிப்பர் திரும்ப இடம் வேண்டுமென்று.
அந்தக் கடிதத்திலும் என் கையெழுத்து.

முன்பு மாரியில் மூன்று கிழமை
அக்கரை வேறு நாடு.
சுபத்திரையின் மகன் பிறந்தது
நடு ஆற்றில், உழவு மெசின் பெட்டியில்,
மழைத்தாள் பிடித்த நான்கு கைகளின் கீழ்.
ஆகவே தாம்போதி வேண்டாமென்று
அன்று நான் சொல்லவில்லை.
இன்றும் சொல்லமாட்டேன்.

நான் வரைந்தது ஆறு குழாய்.
மூன்றடி விட்டம்,
ஆற்றின் அடிமட்டத்துக்கும் கீழே அரையடி புதைத்து.
காசு வந்தது மூன்றுக்கு.
புதைக்கத் தோண்டினால் பாறை,
பெக்கோவுக்கு இன்னும் இரண்டு நாள் கூலி என்றார்
கொந்தராத்துக்காரர் பௌமி.
"தண்ணி எப்பிடியும் போகும்தானே, மிஸ்?"
போகும்.
மட்டக்கோலைப் பிடித்தபடி தலையசைத்தேன்.
குழாயின் வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே
ஒன்பது அங்குலம்
காற்று நின்றது.

ஐப்பசிக் கடைசியில் முதல் வெள்ளம்.
மேலே வில்லுக்கு முட்டையிட ஏறும் மீனெல்லாம்
அங்கே வந்து நின்றன.
நின்றனவா? பாய்ந்தன.
கொங்கிறீட் உதட்டில் அடிபட்டு விழுந்து
மறுபடி பாய்ந்தன.
ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம்
விடியும்வரை.
ஊரே வந்தது, கரப்போடும் வாளியோடும்.
நல்ல றோட்டு, மீனும் தருகுது என்று சிரித்தார்கள்.
எனக்கும் ஒரு கோர்வை வந்தது.
கெளுத்தி, வயிறு முழுக்க முட்டை.
புளி விட்டுச் சமைத்தேன்.
ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த மாரி ஒரு கொக்கு
குழாயடியில் பொழுதுசாயும்வரை நின்று
வெறும் வயிற்றோடு பறந்தது.

மூன்று வாயால் வெளியேறும் தண்ணீர்
நடப்பதில்லை, ஓடுகிறது.
விழுந்த இடத்தில் கிடங்கு தோண்டியது.
பிறகு கரையைத் தின்றது.
குகனேசனின் வரம்பு போயிற்று,
வரம்பில் நின்ற நாவல்,
கடைசியில் கால் ஏக்கர் வெள்ளாமை, கதிரோடு.
உறுதியை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தார்.
நான் வாசித்தேன்: கிழக்கு எல்லை ஆறு.
"ஆறு வந்திட்டு, மிஸ். உறுதி பொய் சொல்லல்ல."
அழுவாரென்று நினைத்தேன்.
தேத்தண்ணி கேட்டார்.

மேல்பக்கம் மணல் குவிந்தது.
மணலைத் தேடி டிப்பர்கள் வந்தன,
நாங்கள் போட்டுக்கொடுத்த பாதையாலே.

குறைபாட்டுக் காலம் ஒரு வருடம்.
வெடிப்பு ஏதுமுண்டா என்று பார்த்தேன்.
ஒரு மயிரிழைகூட இல்லை.
பிடித்துவைத்த பணத்தை விடுவிக்கலாம் என எழுதி
கோப்பை மூடினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை
குகனேசனும் நானும் கல் அடுக்குகிறோம்.
தண்ணீர் கணுக்காலளவு.
குழாய் வாய்க்குக் கீழே, படிபோல, சரிவாக.
எந்தப் பட்டியலிலும் இதற்கு இலக்கமில்லை.
அடுத்த வெள்ளம் உருட்டிவிடலாம்; உருட்டும்.
சுபத்திரையின் மகனுக்கு இப்போது ஏழு வயது.
கல் தூக்குவதைவிட அளப்பதில்தான் விருப்பம்.
நாடாவின் மறுநுனி அவனிடம்.
ஒன்பது அங்குலம் இப்போது
இரண்டடி நான்கு.

"மீனுக்கு எவ்வளவு உயரம் பாய ஏலும், மிஸ்?"

என் கைநூலில்
லொறியின் பாரம் இருக்கிறது,
ஐம்பது வருட மழை இருக்கிறது,
சீமெந்து இறுகும் நாட்கணக்கு இருக்கிறது.
பக்கம் பக்கமாய் மனதுக்குள் புரட்டினேன்.

அவன் காத்திருக்கவில்லை.
ஒரு கல்லைப் புரட்டினான்.
அடியில் நண்டு.
கல்லை மெல்லப் பழையபடி வைத்துவிட்டு
வேறு கல் தேடப் போனான்.